பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறுவது: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் தெருவுக்கு நான்கு கல்வி ஆலோசகர்கள் முளைத்துவிடுவார்கள். எதிர்வீட்டு மாமா, வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பா, போன வருடம் மகனைச் சேர்த்துவிட்ட அம்மா என்று ஆளுக்கொரு கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். பெயர்கள்தான் மாறும், காரணம் மாறாது: "அங்கே பிளேஸ்மென்ட் நன்றாக இருக்கிறது."

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறவன். படித்து முடித்து வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் என் வேலையில் ஒரு பகுதி. எதிரே வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் புத்திசாலிகள். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கைப்பேசிக்கு வரும் மோசடி அழைப்பு வரை அவர்கள் சறுக்கும் இடங்களைப் பார்த்தால், முக்கால்வாசித் தவறுகள் ஒரே ஜாதி. வெளியே என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று படிக்கிறார்கள். உள்ளே திறந்து பார்ப்பதில்லை.

உச்சச் சம்பளத்தை நம்பிக் கல்லூரியில் சேர்வது

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப் மதிப்பெண்ணை அரைப் புள்ளிகூட விடாமல் கணக்குப் போடுகிற குடும்பம், சாலையோரத் தட்டியில் "அதிகபட்சச் சம்பளம் 44 லட்சம்" என்று பார்த்ததும் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடுகிறது. பத்துப் பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 44 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கும் மூன்றரை லட்சம். சராசரி 7.55 லட்சம் என்று கல்லூரி அச்சடிக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளத்தை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது எவ்வளவு? இந்த எடுத்துக்காட்டில் மூன்றரை லட்சம்.

இதைத் தெரிந்துகொள்ள யார் காலிலும் விழ வேண்டாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் என்ன என்று தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகமும் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. 95 சதவீதம் பேருக்கு வேலை என்றால், எத்தனை பேரில் 95 சதவீதம் என்று கேளுங்கள். அரியர் வைத்திருப்பவர்களைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பவர்களில் கணக்குப் போட்டிருப்பார்கள், அல்லது ஒரே மாணவிக்கு வந்த மூன்று வேலைகளை மூன்றாக எண்ணியிருப்பார்கள்.

பாடப்பிரிவின் பெயருக்கும் இதே கதைதான். "செயற்கை நுண்ணறிவு" என்று பெயரில் இருப்பதால் மட்டும் ஒரு பிரிவு உசந்ததாகிவிடாது. அதற்கு அடித்தளமான அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் முதல் இரண்டு ஆண்டுக் கணிதத்தில் இருக்கின்றன. அதைச் சரியாகப் படித்த மெக்கானிக்கல் மாணவர், பெயரை மட்டும் படித்த மாணவரைவிட எங்களுக்குப் பயன்படுவார்.

ப்ராஜெக்டை விலைக்கு வாங்குவது

பொறியியல் கல்லூரிகள் நிறைந்த எந்த ஊருக்குப் போனாலும் "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்து தரப்படும்" என்ற பலகை கண்ணில் படும். பணம் கட்டினால் கருவி, அறிக்கை, வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் ஒரே பையில் கிடைக்கும். கல்லூரிக்கும் இது தெரியும், பெற்றோருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

நேர்காணலில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரே கேள்வி போதும்: "இதில் எது முதலில் கெட்டுப்போனது?" ரெஸ்யூமில் அடிக்கடி வரும் ப்ராஜெக்ட் ஒன்று உண்டு: மண்ணில் ஈரம் குறைந்தால் தானாக மோட்டார் ஓடும் பாசன அமைப்பு. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை, மலிவான ஈரப்பத உணரி, மோட்டாரை இயக்கி நிறுத்த ஒரு ரிலே, ஒரு சின்ன பம்பு. வாங்கி வந்தவர், "எல்லாம் நன்றாக வேலை செய்தது சார்" என்பார். நிஜமாகச் செய்தவர் அப்படிச் சொல்லவே மாட்டார். அந்த மலிவு உணரியின் இரண்டு உலோகக் கால்களும் ஈர மண்ணில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பால் அரித்துப் போகும். சில வாரங்களில் அளவீடு தாறுமாறாகும், ஈர மண்ணைக் காய்ந்தது என்று காட்டும். அதைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்தான், அளக்கும் அந்த நொடிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும் என்பதையோ, மின்தேக்க வகை உணரிக்கு மாறலாம் என்பதையோ கண்டுபிடித்திருப்பார். நான் கேட்க விரும்புவது அந்த அரிப்பின் கதையை. கருவி கடைசியில் ஓடவே இல்லை என்றாலும் எனக்குக் கவலையில்லை.

சான்றிதழ் சேர்ப்பதையும் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்ல பாடங்கள். இரட்டை வேகத்தில் காணொலியை ஓடவிட்டு, வாராந்திர அசைன்மென்ட்டின் விடையை டெலிகிராம் குழுவில் வாங்கிப் போட்டுச் சேர்த்த எட்டுச் சான்றிதழ்களால் யாருக்கு என்ன லாபம்?

போகிற போக்கில் ஒன்று. ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் தமிழ் வழியிலேயே கற்பித்து வருகிறது. அரித்துப்போன உணரியைப் பற்றித் தமிழில் விளக்கினாலும் அது அரித்துத்தான் போயிருக்கும். வேலையில் சேர்ந்த பின் ஆங்கிலம் வேண்டியிருக்கும், பழகினால் வந்துவிடும். விஷயம் தெரியாமல் பேசும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவது

நிரலை ஓட்டும்போது சிவப்பு எழுத்தில் பத்து வரி வந்தால் போதும், பாதிப் பேர் அதைப் படிக்காமலேயே நகலெடுத்து வேறெங்காவது ஒட்டி விடை கேட்கிறார்கள். பிழைச் செய்தி திட்டுவதற்காக வருவதில்லை. எங்கே, எந்த வரியில், என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. பைத்தான் மொழியில் அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: கடைசி வரியில் பிழை என்னவென்று இருக்கும், அதற்கு மேலே வரி எண் இருக்கும். சி மொழியில் தலைகீழ். நாற்பது பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்; ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதால் மற்ற முப்பத்தொன்பதும் வரிசைகட்டி வந்திருக்கலாம்.

படிக்கிற பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்தது ஒன்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் லினக்ஸ் கணினியில் எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாகிறதே என்று கவனித்தார். வேறு யாராக இருந்தாலும் காபி குடிக்கப் போயிருப்பார்கள். அவர் தோண்டினார். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக நடித்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் வைத்திருந்த கள்ளக்கதவு வெளியே வந்தது. உலகம் முழுக்க உள்ள சர்வர்களுக்குப் பரவுவதற்குள் பிடிபட்டது.

செயற்கை நுண்ணறிவு கொடுத்ததை அப்படியே ஒட்டுவது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அது வீண் பேச்சு. நானே தினமும் பயன்படுத்துகிறேன். கொடுத்ததைச் சோதிக்காமல் ஒட்டுவதில்தான் தவறு இருக்கிறது.

ஒரு சொல்லைத் திருப்பி எழுத நிரல் வேண்டும் என்று கேட்டால், பைத்தானில் [::-1] என்று ஒரே வரியில் விடை வரலாம். ஆங்கிலச் சொல்லுக்கு அழகாக ஓடும். "தமிழ்" என்று கொடுத்துப் பாருங்கள். எதன் மேலும் உட்காராமல் அந்தரத்தில் தொங்கும் ஒரு புள்ளி, அதன் பின்னே "ழிமத" என்று வரும். நமக்கு வேண்டியது "ழ்மித". காரணம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், அகர உயிர்மெய் தவிர மற்ற உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் தனிக் குறியீடு இல்லை. நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கும் அந்தச் சொல் கணினிக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நீளம் கேட்டால் பைத்தான் 5 என்றுதான் சொல்லும். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 15 பைட்.

இது வெறும் வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து, பெயருக்கு 30 பைட் போதும் என்று ஒருவர் முடிவு செய்தால், அந்தக் கட்டத்தில் மீனாட்சிசுந்தரம் "மீனாட்சிசு" என்று நின்றுவிடுவார். முழுப் பெயருக்கு 48 பைட் வேண்டும். எழுதியவர் தமிழராக இருந்தும் தமிழ்ப் பெயரில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காததால் வரும் வினை இது. விடையை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்குங்கள். சோதிக்கும் வேலையை மட்டும் வெளியே கொடுக்காதீர்கள்: வெற்றுச் சொல், மிக நீண்ட சொல், தமிழ்ச் சொல், எதிர்மறை எண் என்று போட்டுப் பாருங்கள். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்று காட்டுவதை ஒருமுறை பார்த்தவர், பணத்தைத் தசமத்தில் வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வைப்பார்.

இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வதிலும் இந்தக் கருவிகள் கைதேர்ந்தவை. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நிஜம் என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நிரல் எழுதும்போது இதற்கு இணை, இல்லாத மென்பொருள் தொகுப்பின் பெயரை அது சொல்வது. அந்தப் பெயரிலேயே தீங்கான தொகுப்பைப் பதிவேற்றிக் காத்திருக்கும் ஆட்களும் உண்டு. நிறுவும் முன் அந்தத் தொகுப்பை யார் எழுதியது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள்.

இணையத்தில் பொறியாளருக்கே நேர்வது

கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற சடங்கு, அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்துக்காக 2003இல் பில் பர் எழுதிய வழிகாட்டியால் பரவியது. அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே 2017இல் சொன்னார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் விதியை மாற்றிவிட்டது. நீளம்தான் பலம், காரணமில்லாமல் மாற்றத் தேவையில்லை என்பது இப்போதைய விதி. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடத்தில் போடுவதுதான் உண்மையான ஆபத்து.

மாணவர்களுக்கே உரிய தவறு இன்னொன்று: நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில், நிரலோடு சேர்த்து ரகசியச் சாவியையும் (ஒரு சேவைக்குள் நுழையக் கடவுச்சொல் போல உதவும் குறியீடு) ஏற்றிவிடுவது. பதறிப்போய்க் கோப்பை நீக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்தத் தளத்துக்கு அடிப்படையான கிட் என்ற கருவியின் வேலையே பழையதை மறக்காமல் வைத்திருப்பது. நீக்கிய கோப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும். பொதுவெளியில் சாவி தேடி அலையும் நிரல்கள் அதை நொடியில் எடுத்துக்கொள்ளும். முதலில் சாவியைச் செல்லாததாக்க வேண்டும், கோப்பை நீக்குவதெல்லாம் பிறகு.

மோசடி அழைப்புகளில் படித்தவர்களும் விழுகிறார்கள், பொறியாளர்கள் உட்பட. யூ.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் பின் (PIN) எண் தேவை. பணம் வந்து சேர அது தேவையே இல்லை. "பரிசு வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்" என்றால் உங்கள் பணம்தான் போகப்போகிறது. "டிஜிட்டல் கைது" என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. எந்தப் போலீஸ் அதிகாரியும் காணொலி அழைப்பில் உங்களைச் சிறைவைத்துப் பணம் கேட்க மாட்டார். அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டுவதுதான் அந்தக் கும்பலின் முதல் வேலை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் காத்திருக்காதீர்கள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை அப்பா, அம்மாவின் கைப்பேசியிலும் சேமித்துக் கொடுங்கள்.