வெள்ளைவால் மானுக்குப் பெரிய கொம்பு வளர என்ன செய்யலாம்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே நாற்பது ஐம்பது ஏக்கர் வாங்கியவர்களும், வேட்டைக்கென்று நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் தீவனம் போட்டால் கொம்பு பெரிதாகும்?" தீவன மூட்டையில் பிரம்மாண்டமான கொம்போடு மான் படம் அச்சடித்து விற்கிறார்கள், அதனால் வருகிற கேள்வி. உண்மையில் மூட்டையைக் கடைசியாக யோசித்தால் போதும்.

வயது, தீனி, பரம்பரை. கொம்பின் அளவு இந்த மூன்றையும் பொறுத்தது. உங்கள் பகுதியில் இவற்றில் எது குறைகிறது என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்வதுதான் வேலை. அயோவாவில் பலிக்கிற வைத்தியம் தெற்கு மிசிசிப்பியின் மணல் மண்ணில் பலிக்காது.

படி 1: கொம்பின் காலண்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆடு, மாட்டுக்கு ஒருமுறை முளைத்த கொம்பு ஆயுள் முழுக்க இருக்கும். மானின் கொம்பு சுத்தமான எலும்பு, ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். பகல் நீளத் தொடங்கும் வசந்த காலத்தில் முளைவிட்டு, ரத்தக் குழாய்கள் நிறைந்த வெல்வெட் தோலுக்குள் கோடை முழுக்க வளரும். ஆகஸ்டில் இறுகி, செப்டம்பர் வாக்கில் மரத்தில் உரசித் தோலை உரித்துப் போட்டுவிடும். இணைசேரும் பருவம் முடிந்தபின், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், கொம்பு கழன்று விழும்.

வளரும் கொம்பில் பெரும்பங்கு புரதம். கால்சியமும் பாஸ்பரஸும் கடைசியில்தான் ஏறும், அதிலும் ஒரு பகுதியை மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்கி, பிறகு தின்று ஈடுகட்டிக்கொள்ளும். ஆக ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை மானுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். அக்டோபரில் சோளத்தைக் கொட்டினால், நீங்கள் மரத்தில் கட்டிவைத்த தானியங்கி கேமரா (டிரெயில் கேமரா) முன்னால் மான் வந்து நிற்கும், அவ்வளவே. அதற்குள் கொம்பு முற்றிவிட்டது, போதாததற்குச் சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான்.

படி 2: வயதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காசு செலவில்லாத வழி இது, பலர் தவறவிடுவதும் இதைத்தான். ஒன்றரை வயது ஆண் மானின் தலையில் இருப்பது, அது எட்டக்கூடிய அளவில் ஏறக்குறைய கால் பங்கு. மூன்றரை வயதில் முக்கால் பங்கு வரும். உச்சம் 5 முதல் 7 வயதுக்குள். இரண்டு வயதில் எட்டு கிளையோடு அழகாக நிற்கிற மானைச் சுட்டுவிட்டு, "எங்கள் பக்கம் பெரிய மானே இல்லை" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

டிரெயில் கேமராவில் அக்டோபர் கடைசியில், பக்கவாட்டில் விழுந்த படமாக எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பைக் கையால் மறைத்துவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். ஒன்றரை வயது மானுக்கு மெல்லிய கழுத்தும் நீளக் காலும் இருக்கும். கொம்பை மறைத்தால் பெண் மான் மாதிரியே தெரியும். மூன்றரையில் மார்பு அகன்று கழுத்து பருத்திருக்கும், ஆனால் வயிற்றுக்கோடு இன்னும் இறுக்கமாக மேலேறி நிற்கும். ஐந்தரையைத் தாண்டியதற்கு வயிறு தொங்கும், முதுகு சற்றுக் குழியும், கழுத்து எங்கே முடிந்து மார்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உடம்பு கனத்ததால் கால் குட்டையாகத் தோன்றும். சுட்ட மான் என்றால் கீழ்த்தாடைப் பல்லின் தேய்மானத்தை வைத்து அந்தக் கணிப்பைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படி 3: உங்கள் பகுதியில் எது குறைவு?

மத்திய மேற்கு மாநிலங்கள் (அயோவா, இல்லினாய், கன்சாஸ், ஒஹையோ, விஸ்கான்சின்): பனிப்பாறையும் காற்றும் கொண்டுவந்து போட்ட வளமான மண், மேலே சோயாவும் சோளமும். தீனிக்குப் பஞ்சமில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் விஸ்கான்சினின் பஃபலோ கவுண்டி, பெரிய கொம்புப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். இங்கே குறைவது வயது மட்டும்தான். அயோவாவின் பெயர் நிலைத்ததற்கு மண்ணோடு அதன் சட்டமும் காரணம்: ஆண் மான்கள் இணைதேடி எச்சரிக்கையை மறந்து சுற்றுகிற நவம்பரில் பெரும்பாலும் வில் அம்புதான், முக்கிய துப்பாக்கி சீசன்கள் டிசம்பரில்தான் வரும். வெளிமாநிலத்தாருக்கு உரிமமும் குலுக்கலில்தான். நீங்கள் இந்தப் பக்கம் இருந்தால் உரத்துக்கும் விதைக்கும் செலவழிப்பதைக் குறைத்து, இளம் மானை விட்டுவைக்கும் பழக்கத்தைப் பிடியுங்கள்.

தென்கிழக்கு: கதை தலைகீழ். மிசிசிப்பி மாநிலத்துக்குள்ளேயே டெல்டா பகுதியின் வண்டல் மண் மான்கள் பெரிதாகவும், தெற்கே கடலோரச் சமவெளியின் மணல் மண் மான்கள் சிறிதாகவும் இருக்கும். மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தார் இரண்டு பக்கத்து மான்களின் குட்டிகளையும் ஒரே இடத்தில், ஒரே நல்ல தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முதல் தலைமுறையில் வித்தியாசம் அப்படியே இருந்தது. அவற்றுக்குப் பிறந்த ஆண் மான்களில்தான் மணல் பகுதி மான்கள் எட்டிப்பிடித்தன. அப்படியானால் குறை பரம்பரையில் இல்லை. தாய் பட்ட பஞ்சம் மகன் தலையில் தெரிகிறது. இங்கே ஒரே வருடத்தில் பலன் எதிர்பார்க்கக் கூடாது.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலபாமா, மிசிசிப்பியின் பல இடங்களில் மான்கள் டிசம்பர், ஜனவரியில்தான் இணைசேரும். சினைக்காலம் சுமார் 200 நாள், ஆகவே குட்டி ஜூலை, ஆகஸ்டில் விழும். வடக்கே மே மாதம் பிறந்த குட்டியைவிட இரண்டு மாதம் பின்தங்கியே அதன் வாழ்க்கை தொடங்குகிறது. முதல் கொம்பு கிளையில்லாமல் குச்சியாக வந்தால் அதை மட்டமான சாதி என்று முடிவுகட்டாதீர்கள்.

தெற்கு டெக்சாஸ்: மழை குறைவு, முள்ளுக்காடு. ஆனால் அந்த முட்செடிகளின் தழையில் புரதம் அதிகம். பெரிய பண்ணைகள் என்பதால் மான் வயதாகவும் முடிகிறது. குறைவது மழை. வசந்தத்தில் நல்ல மழை பெய்த ஆண்டில் கொம்பு கூடும், வறண்ட ஆண்டில் அதே மானே சுருங்கும். தீவனம் வைப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கிற இடம் இதுதான்.

டெக்சாஸ் மலைப்பகுதியில் நம்ம புள்ளிமானும் போட்டிக்கு நிற்கிறது. 1932-ல் கொண்டுவந்து விட்டது, இப்போது ஆயிரக்கணக்கில். தழை தீர்ந்தால் புள்ளிமான் புல்லுக்கு மாறிப் பிழைத்துக்கொள்ளும். வெள்ளைவால் மானுக்கு அந்த வசதி இல்லை, புல்லை வைத்து அதனால் காலம் தள்ள முடியாது. புள்ளிமான் பெருகிய பண்ணையில் வெள்ளைவால் மானுக்குக் கொம்பு வளரவில்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கனடா: உடம்பே பெரிது. இருபக்கமும் ஒத்திருக்கும் சீரான கொம்பில் உலக சாதனை, 213 5/8 புள்ளி (அளக்கும் முறை படி 7-ல்), 1993-ல் சஸ்காச்சுவானின் பிகர் ஊர்ப்பக்கம் கிடைத்தது. குளிர்தான் எதிரி. கடும் பனிக்காலத்தில் எலும்பும் தோலுமாகிப் போன மான் வசந்தத்தில் முதலில் உடம்பைத் தேற்றும், மிச்சம்தான் கொம்புக்கு. மறுகோடியில் ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் குட்டை மான், ஆணே 35 கிலோவைத் தாண்டுவது அரிது. அங்கே கொம்புக் கனவு வேண்டாம். அது சட்டப் பாதுகாப்பில் உள்ள மானும்கூட.

படி 4: மண்ணிலிருந்து தொடங்குங்கள்

விதை வாங்குவதற்கு முன் மண் பரிசோதனை. மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில் சொற்பக் கட்டணத்தில் செய்து தருவார்கள். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 6-க்குக் கீழே இருந்தால் மண் புளித்திருக்கிறது, முதலில் சுண்ணாம்பு. ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் தேவைப்படுவது சாதாரணம். புளித்த மண்ணில் உரம் போட்டால் பாதி வீண்.

கோடைக்குப் பயறு வகைகள்: சோயா, தட்டைப்பயறு, வெயில் தாங்கும் லேப்லேப், அதாவது நம்ம அவரை. குளிர்ப் பகுதிகளில் கிளோவர், குதிரைமசால். விதைத்த அன்றே மூன்றடி அகலத்தில் ஒரு வட்டக் கம்பிவலைக் கூண்டை நிலத்தின் நடுவில் அடித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கூண்டுக்குள் முழங்கால் உயரப் பயிரும் வெளியே மொட்டைக் காம்பும் இருந்தால், உங்கள் நிலத்தில் மான்கள் அதிகம் என்று அர்த்தம். மூட்டைத் தீவனம் அதைச் சரிசெய்யாது.

பயிரைவிடக் காடுதான் பெரிய தீனிக்கிடங்கு. மரங்கள் நெருங்கி வெயில் தரையில் விழாத காட்டில் மானின் வாய்க்கெட்டும் உயரத்தில் ஒன்றுமே இருக்காது. சில மரங்களை வெட்டி வெளிச்சம் விட்டு, வனத்துறை அனுமதியோடு கட்டுப்பாடாகத் தீவைத்தால், அடுத்த கோடையே அகன்ற இலைச் செடிகள் கிளம்பும். நமக்குத் தும்மல் வரவழைக்கும் ராக்வீட் மானுக்கு விருந்து. கொம்பு நன்றாக வளரச் சொல்லப்படும் 16 சதவீதப் புரதம் அதன் இளந்தழையிலேயே கிடைத்துவிடும்.

தீவனமோ உப்புக்கட்டியோ வைப்பதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். மான்களின் மூளையைத் தாக்கி உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் எச்சிலாலும் பரவும், மருந்து கிடையாது. ஆகவே பல இடங்களில் தீவனம் வைக்கவே தடை.

படி 5: பெண் மான்களின் எண்ணிக்கை

பலருக்கு மனம் வராத படி. ஆனால் தழை குறைந்த இடத்தில், அனுமதிக்கப்பட்ட அளவுக்குப் பெண் மான்களைக் குறைத்தால்தான் மிச்சமுள்ளவற்றுக்கு நல்ல தீனி கிடைக்கும். ஒரு மானின் சுற்றுவட்டம் சுமாராக ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். உங்கள் நாற்பது ஏக்கரில் மட்டும் செய்து பயனில்லை, பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசுங்கள்.

படி 6: பரம்பரையை விட்டுவிடுங்கள்

"மட்டக் கொம்பு மானைக் களைந்தால் இனம் தேறும்" என்பது வேட்டைக்காரர்களிடையே பழைய நம்பிக்கை. தெற்கு டெக்சாஸின் கமாஞ்சி பண்ணையில் ஆண்டுக்கணக்கில் அப்படிக் களைந்து பார்த்தும் பரம்பரை தேறவில்லை. பாதி மரபு பெண் மானிடமிருந்து வருகிறது, அதன் தலையில் அடையாளம் ஏதுமில்லை. போதாததற்கு இளம் ஆண் மான்கள் பல, பிறந்த இடத்தை விட்டு மைல்கணக்கில் போய்விடும். சட்டமே பிசகியதும் உண்டு: மிசிசிப்பி 1995-ல் நான்கு கிளைக்குக் குறைந்த மானைச் சுடக் கூடாது என்றது. விளைவு, நல்ல கொம்போடு வளர்ந்த ஒன்றரை வயது மான்கள் சாக, குச்சிக்கொம்பு மான்கள் தப்பின. வயதைப் பார்க்காமல் கிளையை மட்டும் எண்ணினால் இப்படித்தான்.

படி 7: அளந்து எழுதிவையுங்கள்

பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் கிளப்பின் முறையில்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். இரண்டு முதன்மைத் தண்டுகளின் நீளம், அவற்றுக்கு உள்பக்க இடைவெளி, ஒவ்வொரு கிளையின் நீளம், பக்கத்துக்கு நான்கு இடத்தில் சுற்றளவு, எல்லாம் அங்குலத்தில். இடது வலது வித்தியாசத்தைக் கழிப்பார்கள். ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது கிளைக் கணக்கில் வராது. சீரான கொம்புக்கு 170 வந்தால் நிரந்தரப் பதிவேட்டில் இடம். முறையான அளவுக்குக் கொம்பு 60 நாள் காய்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் அந்த 170-ஐத் துரத்த வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் நிலத்தில் விழுந்து கிடக்கும் கொம்புகளைப் பொறுக்கி, அடித்தண்டின் சுற்றளவை மட்டுமாவது ஆண்டுவாரியாகக் குறித்து வாருங்கள். கேமராவில் பார்த்த வயதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மூன்றரை வயது மானை மூன்றரை வயது மானோடுதான் ஒப்பிட வேண்டும். விழுந்த கொம்பை எடுக்கவும் சில மாநிலங்களில் தேதிக் கட்டுப்பாடு இருக்கிறது, கிளம்புவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.