நற்செய்தி நூல்களை எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

மாணவர்களே, விவிலியத்தில் இயேசுவின் வாழ்வைச் சொல்லும் இந்த நான்கு நூல்களில், மத்தேயுவிலிருந்து வரிசையாகப் போகாமல் மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். முதலில் எழுதப்பட்டதும் அதுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

அடுத்து, இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நான்கு நூல்களிலும் அருகருகே வைத்துப் பாருங்கள்: மாற்கு 6, மத்தேயு 14, லூக்கா 9, யோவான் 6. புல் பசுமையாக இருந்தது என்பவர் மாற்கு மட்டும். அங்கே பகிரப்பட்டவை வாற்கோதுமை அப்பங்கள், ஒரு சிறுவனிடம் இருந்தவை என்பவர் யோவான் மட்டும். இப்படி ஒப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்தப் பாடமே பிடித்தது.

வரலாற்றுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும்: யூதர்களின் எருசலேம் ஆலயத்தைப் பாபிலோனியர் இடித்த கி.மு. 586, ரோமர் இடித்த கி.பி. 70. மற்றதையெல்லாம் இவற்றுக்கு முன்னா பின்னா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.