இன்டேக் கேஸ்கட் லீக்: சூடான இன்ஜினில் தேடினால் கிடைக்காது

ரியாத் சனாயாவில் (ஒர்க்‌ஷாப்புகள் நிறைந்த பகுதி) பழைய சில்வராடோ, சியரா பிக்கப்களுக்குப் பஞ்சமே இல்லை. 1999 முதல் 2006 வரை வந்த 5.3 லிட்டர் வி8 வண்டிகள் மூன்று லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகின்றன. பிரேக், பெல்ட் வேலையெல்லாம் சுத்தமாகச் செய்கிற புதுப் பையன்கள், இன்டேக் கேஸ்கட் (இன்ஜினுக்குக் காற்று போகும் பாகத்தின் இணைப்பை அடைக்கும் விளிம்பு) என்று வந்தால் மட்டும் ஒரே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்தவன்தான். கழன்ற வேக்குவம் ஹோஸ், வெடித்த பிசிவி ரப்பர் (இன்ஜின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் குழாய்) மாதிரி கண்ணுக்குத் தெரிகிறதைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

சூடான இன்ஜினில் லீக் தேடுவது

இந்த இன்ஜினில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு நைலான், சிலிண்டருக்கு மூடியான ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் காற்று நுழையும் ஒவ்வொரு வாயையும், அதாவது போர்ட்டையும், சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு. வருஷக்கணக்கில் வெந்து அது இறுகிச் சுருங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் இடைவெளி விழும். இன்ஜின் சூடேறினால் எல்லாம் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் இங்கே விடியற்காலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். அப்போது ஐடில் (ஆக்ஸிலரேட்டர் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், செக் இன்ஜின் லைட் எரியும். வண்டிக்காரர் டிராஃபிக்கில் ஓட்டிக்கொண்டு கடைக்கு வருவதற்குள் லீக் காணாமல் போயிருக்கும்.

பையன் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை இன்டேக் மேல் அடித்துப் பார்ப்பான். லீக் இருந்தால் அது உள்ளே போய் ஐடில் மாற வேண்டும். ஐடில் அசையாது. "இன்டேக் நல்லா இருக்குண்ணே" என்பான். அங்கேதான் செலவு ஆரம்பம்.

ஆட்டுத்தீவனம் ஏற்றுகிற ஒரு 2004 சில்வராடோ இப்படித்தான் வந்தது. வேறொரு கடையில் ஆக்சிஜன் சென்சார் நாலையும் மாற்றிவிட்டார்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் புதுசு. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவியிருக்கிறார்கள். அடுத்து ஃப்யூல் பம்ப் என்று சொன்னதும்தான் அந்தப் பெரியவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்தார். ஸ்கேனர் காட்டுகிற கோடு (பழுது எண்) மட்டும் முதல் நாள் வந்த அதே பி 0171, பி 0174. இரண்டு பக்கமும் லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சென்சார் உள்ளதைச் சொன்னதற்குச் சென்சாரையே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இதை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

ராத்திரி வண்டியை வெளியிலேயே நிறுத்தினோம். காலையில் சாவி போடும் முன்பே ஸ்கேனர் மாட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகி குளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சரிசெய்யும் நிலை) வந்ததும் ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) ஐடிலில் இரு பக்கமும் இருபது சதவீதத்துக்கு மேல் பிளஸ். 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பிடித்தால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

படிக்க வேண்டியது இந்த இறக்கத்தைத்தான். ஐடிலில் இன்ஜின் குடிக்கிற காற்று கொஞ்சம், உள்ளே வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம். அதனால் சின்னச் சந்தில் திருட்டுத்தனமாக நுழைகிற காற்றும் பெரிய பங்காகத் தெரியும். ஏர்ஃப்ளோ சென்சார் வழியாகப் போகாமல் அதற்கு அப்பால் உள்ளே வருவதால் கம்ப்யூட்டர் கணக்கில் அது கிடையாது. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று பெருகி அந்தப் பங்கு சிறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ட்ரிம் ஒழுங்காக இருந்து லோடு ஏறும்போது அதுவும் ஏறினால் கேஸ்கட்டை விடுங்கள். ஃப்யூல் பிரஷரையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள்.

வண்டியை ராத்திரி விட்டுப் போக ஆள் சம்மதிக்காவிட்டால்? ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவு இருக்கிறதே. கோடு விழுந்த நேரத்தில் கூலன்ட் எத்தனை டிகிரி, ஆர்பிஎம் எவ்வளவு என்று அதில் பதிந்திருக்கும். இன்ஜின் குளிர்ச்சி, ஆர்பிஎம் ஐடில் என்று இருந்தால் பாதிப் பதில் கையில். "கோடை அழிச்சுப் பார்த்தேண்ணே, லைட் போயிடுச்சு" என்று ஒருவன் வந்து நிற்பான் பாருங்கள், அந்தப் பதிலும் அதோடு சேர்ந்து போயிருக்கும்.

ஸ்ப்ரேயை மட்டும் நம்புவது

மேலே இருந்து அடிக்கிறது போர்ட்டின் கீழ் விளிம்புக்குப் போய்ச் சேராது. பாதி லீக் அங்கேதான். கார்ப் கிளீனர் தீப்பிடிக்கிற சரக்கு என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்மோக் மெஷின் இருந்தால் குளிர்ந்த இன்ஜினில் குறைந்த பிரஷரில் புகை விடுங்கள். சந்து தானே காட்டிக்கொடுக்கும்.

காலையில் டிக் டிக் சத்தம்

இது கொஞ்சம் தந்திரமான ஆள். இதே இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைவது சாதாரணம். அந்தச் சத்தமும் குளிரில் வந்து சூட்டில் போய்விடும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று நுழைந்தால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்து லீன் என்றே சொல்லும். சத்தம் கேட்டால் டார்ச் அடித்துப் போல்ட் தலைகளை எண்ணிவிட்டு, பிறகு இன்டேக்கில் கை வையுங்கள்.

எல்லா வி8-ம் ஒன்று என்று நினைப்பது

5.3 இன்டேக்குக்குள் கூலன்ட் ஓடுவதில்லை. கூலன்ட் குறைந்தால் இந்தக் கேஸ்கட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். 1996 முதல் 2000 வரை ஷெவர்லே பிக்கப்பில் வந்த 5.7 வோர்டெக் வேறு ஜாதி. அதில் கூலன்ட் இன்டேக் வழியாகவே போகும். கேஸ்கட் போனால் ஆயிலில் கலக்கும். பழைய டாட்ஜ் ராம் 5.2, 5.9-இல் இன்டேக்குக்கு அடியில் ஒரு தகடு உண்டு. அதன் கேஸ்கட் போனால் இன்ஜின் கீழே இருந்து ஆயில் ஆவியை உறிஞ்சும். ஆயில் குறையும், மேட்டில் ஏறும்போது தட்டும். பிசிவி வால்வைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, எதிர்ப்பக்க பிரீதர் (காற்றுப்போக்கி) ஓட்டையில் உள்ளங்கையை வைத்தால் இழுப்பது தெரியும்.

சிலிக்கான் பூசுவது

5.3 போர்ட் கேஸ்கட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

போல்ட்டை இறுக்கிப் பார்ப்பது

நைலான் அது. நடுவிலிருந்து வெளியே, முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாவது சுற்று 10. அவ்வளவுதான்.

கேஸ்கட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது

1999 முதல் 2006 வரை வந்த இந்த 5.3-களில் நாக் சென்சார் (இன்ஜின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் சென்சார்) இரண்டும் இன்டேக்குக்கு அடியில்தான் இருக்கின்றன. இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் பின்பக்கக் குழியில் நீர் தேங்கித் துருப்பிடிக்கும். இன்டேக் மேலே வந்திருக்கும்போதே இரண்டையும் வயரிங்கோடு மாற்றச் சொல்லி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.