வழுக்கையாற்றோடு சைக்கிளில்: கல்லுண்டாய் வெளியிலிருந்து கந்தரோடை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தைச் சைக்கிளில் பார்க்க வெளிக்கிடுகிறவர்களில் பலர் காங்கேசன்துறை வீதியால் நேரே போய் அதே வீதியால் திரும்பி விடுகிறார்கள். பஸ்ஸும் மினிவானும் ஒன்றையொன்று முந்தி ஓடுகிற வீதி அது. பார்க்க வேண்டிய பழைய இடங்களில் பாதி அதன் ஓரத்தில் இல்லை; அவை தண்ணீரை அண்டி இருக்கின்றன. குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கத்தில் மழைவெள்ளம் சேர்ந்து தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று இறங்கி, வட்டுக்கோட்டை வயல்வெளியைக் கடந்து, அராலியில் கடனீரேரியில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். அதைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர்வதுதான் இந்தப் பாதை: யாழ்ப்பாணக் கோட்டையடி, கல்லுண்டாய், அராலி, வட்டுக்கோட்டை, சங்கானை, சண்டிலிப்பாய், கந்தரோடை, சுன்னாகம், திரும்ப யாழ்ப்பாணம். மொத்தம் 35 கிலோமீற்றர் அளவில் வரும். கீரிமலையையும் சேர்த்தால் இன்னும் 20.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் மிலான் நகரிலிருந்து அட்டா ஆறு வரை போகும் மார்த்தேசானா கால்வாயின் கரையில் சைக்கிள் இடைவிடாமல் ஓடும். அந்தக் கால்வாயில் படகு ஓடியது. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கப் பாதை தேவைப்பட்டது. அந்தப் பாதையே இன்று சைக்கிள் பாதை. வழுக்கையாற்றில் அப்படிப் படகு இழுத்தவர் யாருமில்லை. அதன் கரை கமக்காரரின் வரம்பு, உழவு இயந்திரம் போகிற அளவுக்குத்தான் அகலம், சில இடத்தில் அதுவும் இல்லை. ஆகவே கொஞ்சத் தூரம் கரையில் ஓடி, மதகு வந்ததும் வீதிக்கு ஏறி, அடுத்த மதகில் மறுபடி ஆற்றைப் பிடிப்பதுதான் வழி. போன் வரைபடத்தில் கோடு தெரிகிறது என்று நம்பி வயலுக்குள் இறங்கினால் வேலியில் போய் முட்டுவீர்கள். வயலில் நிற்பவரிடம் “அடுத்த மதகுக்கு இப்பிடிப் போகலாமோ?” என்று கேளுங்கள். ஊர்ப்பெயரைவிட மதகைச் சொல்லிக் கேட்டால் விடை சுருக்காகக் கிடைக்கும்.

எப்போது போவது

தை கடைசியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் இந்த ஆற்றின் உயிர்; அந்த மாதங்களில் கரையில் சைக்கிள் விடவே முடியாது. அராலிப் பக்கக் களிமண் ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் அடைந்து, நூறு யார் தூரத்துக்குள் சில்லு சுழலாமல் நின்றுவிடும். குச்சியால் கிளறி எடுத்தால் அடுத்த நூறு யாரில் திரும்ப அடையும். தள்ளிக்கொண்டு வீதிக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. கந்தரோடை, சுன்னாகப் பக்கச் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சும். மழை விட்ட மறுநாளே ஓரளவு ஓடலாம். தையில் அரிவி வெட்டு நடக்கும். நெல் காயப்போட்ட வரம்பில் சைக்கிளை ஏற்றாதீர்கள், இறங்கிச் சுற்றிப் போங்கள். சித்திரைக்குப் பிறகு ஆறு வற்றிவிடும். வெறும் மணல் பள்ளத்தைப் பார்த்து “இதுவோ ஆறு?” என்று கேட்கத் தோன்றும்.

குடாநாடு தட்டை நிலம். ஏற்றம் இறக்கம் பற்றிக் கவலை வேண்டாம், காற்றைப் பற்றிக் கவலைப்படுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் தெற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். போகும்போது முதுகில் தள்ளும். காலில் பலம் கூடிவிட்டது போல இருக்கும். திரும்பும்போது அந்தக் கணக்கு தீர்க்கப்படும். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது போவது கொஞ்சம் கடினம், வருவது சுகம். எந்தக் காலமானாலும் வெட்டவெளியான கல்லுண்டாயைக் காலை ஏழு மணிக்கு முன் கடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காற்றும் வெயிலும் சேர்ந்து எழும்பும். திரும்பி வருவது உள்வீதியால் என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான்: சுன்னாகம், இணுவில், கோண்டாவில் பக்கம் வீடும் மதிலும் மரமும் காற்றை மறிக்கும்.

சைக்கிளும் சாமானும்

கியர் தேவையில்லை. வீட்டில் நிற்கிற லுமாலா போன்ற சாதாரண சைக்கிளே போதும், மெல்லிய ரயர் போட்ட ரேசிங் சைக்கிள்தான் கூடாது. முதல் நாள் பின்னேரமே நாலு விஷயம் பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா: இருந்தால் மாற்றுங்கள், வெயிலில் காற்று விரியும்போது முதலில் போவது அந்த இடம்தான். பிறேக் கட்டை றிம்மில் சரியாகப் படுகிறதா. செயினை நடுவில் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்கிறதா: தொய்ந்தால் பள்ளத்தில் விழும்போது கழன்றுவிடும். பெடல் அச்சு ஆடுகிறதா.

காற்றுப் போவது இந்தப் பாதையில் சாதாரணம். கல்லுண்டாய் ஓரத்தில் நெருஞ்சி, உள் ஒழுங்கைகளில் கிளுவை முள். வேலி அடைக்கிற காலத்தில் வெட்டிப் போட்ட கதியால் துண்டுகள் ஒழுங்கை முழுக்கக் கிடக்கும். ஒட்டுத் துண்டு, சொலூஷன், உரைதாள், இரண்டு ரயர் நெம்பி, காற்றடிக்கும் கைப்பம், கொஞ்சம் வால்வு ரப்பர் கொண்டுபோங்கள். ஒட்டும்போது அவசரப்படுகிறவர்களுக்குத்தான் ஒட்டுக் கழரும்: ரியூப்பை நன்றாக உரசி, சொலூஷனை மெல்லிதாகப் பூசி, மினுக்கம் போய்த் தொட்டால் விரலில் இழுபடாத நிலை வரும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகு ஒட்டை வைத்து அழுத்துங்கள். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். முள்ளின் முனை உள்ளேயே இருக்கும். அதை எடுக்காமல் பூட்டினால் ஒரு மைலில் அதே இடத்தில் திரும்பக் குத்தும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர். வழியில் கிணறு நிறைய உண்டு, ஆனால் கரையோரக் கிணறு உவர், தோட்டக் கிணற்றில் உரம் இறங்கியிருக்கும்; முகம் கழுவலாம், குடிக்க வேண்டாம். தேசிக்காயும் உப்பும் கரைத்த ஒரு போத்தல் பத்து மணிக்குப் பிறகு கைகொடுக்கும்.

பாதை

காலை ஐந்தரைக்கு வெளிக்கிடுங்கள். கோட்டையைப் பின்னேரத்துக்கு விடுங்கள். காலை நேரத்தை அதில் செலவழித்தால் கல்லுண்டாயில் வெயில் பிடிக்கும். நாவாந்துறை, காக்கைதீவு தாண்டியதும் இடது பக்கம் கடனீரேரி விரியும். தை, மாசியில் பறவைக் கூட்டம் நிற்கும். குப்பை மேட்டுப் பக்கத்தில் சில நாள் புகை இருக்கும். மூக்கை மறைக்க ஒரு கைக்குட்டை. கல்லுண்டாய் வெளியில் நிழல் என்பது கிடையாது, கடையும் அரிது. காற்றுப் போனால் ஒட்ட இடம் தேடாமல் அங்கேயே இறங்கி ஒட்டுங்கள். உருட்டிக்கொண்டு போனால் ரியூப் கிழிந்துவிடும்.

அராலிப் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மேலே நன்னீர், கீழே உவர். உவர்நீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்கத்தான் இங்கே தடுப்பணை. சுண்ணாம்புக்கல் நிலம் இது: பெய்கிற மழையில் பெரும் பங்கு வெடிப்புகளால் கீழே இறங்கிவிடும், மேலே ஓடுவது கொஞ்சம். அதைக் குளம் குளமாகத் தேக்கி, ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்கு வாய்க்காலால் விட்டார்கள். வழுக்கையாறு அப்படிக் கோர்த்த குளங்களின் தொடர் என்று நினைத்துக்கொண்டு போனால் மேலே பார்ப்பதெல்லாம் விளங்கும்.

வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வளவு. 1823இல் அமெரிக்க மிஷன் இங்கே தொடங்கிய செமினறி (உயர்கல்விக் கூடம்) 1855 வரை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் இங்கே படித்தவர்கள். பாடசாலை நாளில் வாசலில் கேட்டு அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக வேண்டும். சனி, ஞாயிறு என்றால் காவலரிடம் சொன்னால் போதும் என்று எண்ணிப் போகாதீர்கள், ஆளறிந்து முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

சங்கானையில் வீதியோரமாகவே நிற்கிறது கூரையில்லாத பழைய தேவாலயம். போர்த்துக்கேயர் காலத்துக் கட்டடம். இங்கே அவசரப்படாதீர்கள். சாந்து உதிர்ந்த இடமாகப் பார்த்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள்: கல்லில் பூப்போலச் சின்னச் சின்ன அறைகள், சில அலைபோல மடிந்த கோடுகள். முருகைக்கல். கடலில் வளர்ந்த பவளப்பாறையை வெட்டி எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருக்கிறார்கள். ஈரமாக இருக்கையில் இலகுவாக வெட்டுப்படும், காய்ந்தால் இறுகும், பாரம் குறைவு. சீமெந்து பூசித் திருத்திய பழைய சுவர்களில் பூச்சுக்குப் பின்னால் உப்பும் ஈரமும் அடைபட்டுக் கல் பொருக்காகக் கழருவதையும் பார்க்கலாம். இந்தக் கல்லை ஒருமுறை கண்ணில் பதித்துக்கொண்டால் மிச்சப் பாதையில் தானாகவே தென்படும். சங்கானைச் சந்தையடியில் வடையும் பிளேன்ரீயும் குடித்துவிட்டுப் போகலாம்.

சண்டிலிப்பாயில் பெருவீதியை விட்டு மாசியப்பிட்டிப் பக்கமாக ஒழுங்கைக்குள் இறங்குங்கள். பாதையின் மிக இனிய பகுதி இது, ஆறுதலாக ஓடுங்கள். குளம், கேணி கண்ட இடத்தில் ஓரத்தைத் தேடுங்கள்: மாடு உடம்பு உரசுவதற்காக நட்ட ஆவுரோஞ்சிக்கல், தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி. சுமைதாங்கியை ஆள் துணையில்லாமலே சுமையை இறக்கி ஏற்றும் உயரத்துக்குக் கட்டியிருப்பார்கள். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். சில வீதி அகலிப்பில் பிடுங்கப்பட்டுப் போயின. இருக்கிறதில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள்.

கந்தரோடைக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேரப் பாருங்கள். பனைகளுக்கு நடுவே, சிறிதும் பெரிதுமாக நெருங்கி நிற்கும் பௌத்தத் தூபிகள். வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் 1917இலிருந்து இங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு தோண்டியபோது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டு மட்பாண்டத்தை ஒத்த ஓடுகள் கிடைத்தன. இந்தத் தூபிகளை எழுப்பியவர் யார் என்பதில் வாதம் ஓயவில்லை. பார்ப்பவருக்குப் பயன்படும் தகவல் வேறு: இன்று தெரியும் குவிமாடங்களில் பல திருத்திக் கட்டியவை, அடித்தளந்தான் பழையது. ஆகவே அடிவரிசைக் கல்லைப் பாருங்கள். சங்கானையில் பார்த்த அதே முருகைக்கல். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், தூபிமேல் சாயவோ ஏறவோ வேண்டாம்.

கீரிமலைக்குப் போகிறவர்கள் சுன்னாகத்திலிருந்து மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாக வடக்கே ஏறலாம். நிலத்துக்குள் இறங்கிய தண்ணீர் கடலோரத்தில் ஊற்றாக வெளிவருவதை அங்கே நேரிலே காணலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கேணி, மாற்றுடுப்பு வேண்டும். நகுலேசுவரக் கோயிலுக்கும் அந்த மாற்றுடுப்போடு போகலாம். அந்தப் பக்கத்தில் படைமுகாம் வேலிகளைப் படம் எடுக்காதீர்கள், கண்ணிவெடி பற்றிய சிவப்பு எச்சரிக்கைப் பலகை நின்றால் ஆள் நடந்த தடத்தை விட்டு விலகாதீர்கள். சோழக காலத்தில் இந்தக் கூடுதல் 20 கிலோமீற்றரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இல்லாவிட்டால் சுன்னாகத்திலிருந்து நேரே தெற்கே யாழ்ப்பாணம், 10 கிலோமீற்றர். மதியம் ஓய்வெடுத்துவிட்டு நாலரைக்குப் பிறகு கோட்டைக்குப் போங்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த காலத்தில் போர்த்துக்கேயர் எழுப்பியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். வெளிமதில் வேலை 1792 வரை இழுபட்டது, மூன்று ஆண்டில் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். மதில் மேலே கைபிடி கிடையாது. சின்னப் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவே சைக்கிளை நன்னீரால் கழுவுங்கள். கல்லுண்டாய் உப்புச்சேறு செயினிலும் றிம் விளிம்பிலும் ஒட்டியிருக்கும். விடியும்போது துரு பிடித்திருக்கும். துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய். ஈரத்தில் எண்ணெய் விட்டால் உப்பும் உள்ளேயே பூட்டுப்படும்.