ஒரே சாவியோடு ஓடும் எஸ்யூவி: சாவி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் ரேஞ்ச் ரோவரோ, கேயெனோ, எக்ஸ்5-ஓ, லெக்சஸோ, ரீகான் வண்டியாக (வெளிநாட்டில் ஓடி இறக்குமதியானது) வாங்கியவர்கள் பலரிடம் ஒரே ஒரு சாவிதான் இருக்கும். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ கைமாறிய வண்டியோடு இரண்டாவது சாவி வந்து சேராமல் போவது சாதாரணம். விற்பவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. "அப்புறம் செய்துகொள்ளலாம்" என்று விடுவதுதான் முதல் தவறு. இந்த விஷயத்தில் அதிகம் செலவு வைப்பதும் அதுதான்.

வேலை செய்யும் சாவி ஒன்று இருந்தால் வண்டி உங்களை நம்பும். பல வண்டிகளில் ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி எனும் பரிசோதனைத் துளையில் கருவியைச் செருகி, இருக்கும் சாவியைக் காட்டி, புதிய சாவியைச் சேர்த்துவிடலாம். அந்தக் கடைசிச் சாவியும் போய்விட்டால் வேலையே வேறு. சரியான சாவி இல்லாமல் இன்ஜின் கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசரின் ரகசியங்களை வைத்திருக்கும் மின்னணுப் பெட்டியைக் கழற்றி, மேசையில் வைத்து, அதன் நினைவகத்தைப் படிக்க வேண்டியிருக்கும். பிஎம்டபிள்யூவில் அது காஸ், எஃப்இஎம் அல்லது பிடிசி பெட்டி. லேண்ட் ரோவரில் ஆர்எஃப்ஏ பெட்டி.

வண்டி நிற்கும் இடமும் தொல்லை தரும். தைப்பூசக் கூட்டத்தில், பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ, சாவி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் பி-யில், மின்சார ஹேண்ட்பிரேக் போட்டபடி, நான்கு சக்கரமும் பூட்டிய வண்டி. சாதாரணமாகக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் உருளைப் பலகை வைத்துத்தான் நகர்த்த வேண்டும். கொண்டோவின் தாழ்ந்த கூரைக் கார் நிறுத்துமிடம் என்றால் இழுவை லாரி உள்ளேயே வராது. இரண்டாவது சாவிக்கு ஆகும் காசை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாவி உண்மையிலேயே செத்துவிட்டதா?

"சாவி இல்லை" என்று திரையில் வந்த உடனே புதுச் சாவிக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. முதலில் உள்ளே இருக்கும் நாணய பேட்டரியைப் பாருங்கள். புதியது மீட்டரில் 3.2 வோல்ட் பக்கம் காட்டும், 2.8-க்குக் கீழே இறங்கினால் தூரம் குறைந்து, பிறகு கைப்பிடியைத் தொட்டாலும் கதவு திறக்காது. பெரும்பாலான சாவிகளுக்கு சிஆர்2032, சில பென்ஸ் சாவிகளுக்கு சிஆர்2025, சில பிஎம்டபிள்யூ சாவிகளுக்கு சிஆர்2450. முதல் இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 20 மில்லிமீட்டர். கனம்தான் வேறு: 3.2, 2.5. மெல்லியதைத் தடித்ததன் இடத்தில் வைத்தால் சாவி ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. தடித்ததை மெல்லியதன் இடத்தில் திணித்தால் உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சுப் பூசிய பேட்டரிகள் சில சாவிகளில் சரியாகத் தொடர்பு கொள்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி செத்த சாவியாலும் வண்டியைக் கிளப்பலாம். உள்ளே உள்ள சிப்புக்குச் சொந்தப் பேட்டரி தேவையில்லை. வண்டியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் கொடுத்துப் படிக்கும். லெக்சஸில் சாவியின் சின்னம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்ட வேண்டும். பிஎம்டபிள்யூவில் ஸ்டீரிங் தண்டில் சாவிப் படம் போட்ட இடம். 2016-க்குப் பிந்தைய வால்வோ எக்ஸ்சி90-இல் கோப்பை வைக்கும் குழி. கீலெஸ் (சாவியைக் கையில் எடுக்காமலே திறந்து கிளப்பும் வசதி) உள்ள பழைய பென்ஸ்களில் ஸ்டார்ட் பொத்தானையே வெளியே இழுத்தால் சாவித்துளை தெரியும். அங்கே வைத்துக் கிளம்பிவிட்டால் சிப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்; புதுச் சாவி வேண்டாம். வண்டியின் பெரிய பேட்டரி பலவீனமானாலும் இதே எச்சரிக்கை வரும். அதையும் அளந்து பார்க்காமல் சாவிக்காரரைக் கூப்பிடாதீர்கள்.

அதே மாதிரி இருந்தால் அதே சாவி ஆகாது

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சாவிகளில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிக்கூடு ஒன்றுபோல இருக்கும்; உள்ளே அலைவரிசை வேறாக இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள் பெரும்பாலும் 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும். ஐரோப்பியப் பதிப்புகள் 433.92. பிஎம்டபிள்யூவில் 315, 434, 868 என்று மூன்றும் உண்டு. ஒரே தெருவில் நிற்கும் ஒரே மாடல் வண்டிகள் இரண்டு, ஒன்று உள்ளூர் விற்பனையாளர் கொண்டுவந்தது, மற்றொன்று ஜப்பான் ரீகான் என்றால், இரண்டுக்கும் ஒரே சாவி பொருந்தும் என்று நம்பாதீர்கள்.

அலைவரிசை தவறினால் வரும் அறிகுறி வேடிக்கையானது: சுருள் இருக்கும் இடத்தில் வைத்தால் வண்டி கிளம்பும், பொத்தானை அழுத்தினால் கதவு திறக்காது. சாவியை வண்டியில் பதிந்தது தப்பாகிவிட்டது என்று நினைத்து ஃபோர்மேன் (மெக்கானிக்) மறுபடி மறுபடி பதிவார். எத்தனை தடவை பதிந்தாலும் ஆகாது. ஆர்டர் கொடுக்கும் முன் பழைய சாவியைத் திறந்து, உட்புற ஒட்டுத்தாளில் உள்ள உதிரிபாக எண்ணையும் மெகாஹெர்ட்ஸ் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செசி நம்பரையும் (வண்டியின் சேஸிஸ் எண்) சேர்த்துக் கொடுங்கள். மாடல் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது.

இன்னொரு வண்டியில் பயன்பட்ட சாவியை வாங்குவதும் அநேகமாக வீண் செலவு. பல நிறுவனங்களின் சாவிகள் ஒரு வண்டியில் பதிந்ததும் அதோடு பூட்டிக்கொள்ளும். சிலவற்றைக் கருவி வைத்துத் திரும்பக் காலி செய்யலாம், எல்லாவற்றையும் அல்ல. "காலி செய்தது" என்று விற்பவர் சொன்னால், பதிந்து ஓடிய பிறகே காசு என்று பேசிக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எஃப்பிஎஸ்4 எனும் புதிய பாதுகாப்பு முறை உள்ள பென்ஸ் சாவிகள் தொழிற்சாலையிலேயே அந்தச் செசி நம்பருக்கு எழுதப்பட்டு வருபவை. வெளியில் "செய்து தருகிறேன்" என்பவர் பெட்டியையே மாற்றும் வேலைக்கு இறங்குகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்கு முந்திய எஃப்பிஎஸ்3-ஐயும் காஸ் பெட்டி உள்ள பிஎம்டபிள்யூவையும் நல்ல தனிச் சாவிக்காரர் சுத்தமாகச் செய்வார், விற்பனையாளரை விடக் குறைந்த செலவில். வெளியில் கொடுப்பதானால் ஒரே ஒரு கேள்வி போதும்: "பெட்டியைத் தொடும் முன் நினைவகத்தை முழுதாக நகல் எடுப்பீர்களா, அந்த நகலை எனக்குத் தருவீர்களா?" தயங்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நகல் இல்லாமல் எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றால், சாவியோடு பெட்டியையும் வாங்கும்படி ஆகும்.

பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் மின்னழுத்தம். இக்னிஷன் போட்டு இன்ஜின் ஓடாமல் நிற்கும் பெரிய எஸ்யூவி பத்து ஆம்பியருக்கு மேல் சர்வசாதாரணமாக இழுக்கும். ஜலான் ஈப்போ ஓரத்தில் வெயிலில், போனெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் பதியும்போது பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அப்போது எழுதிக்கொண்டிருக்கும் தரவு அறுந்து போகும். தேவை, 13.5 வோல்ட்டில் ஆடாமல் நிற்கும், 30 முதல் 50 ஆம்பியர் தாங்கும் மின்வழங்கி. வீட்டில் பேட்டரி ஏற்றும் ஸ்மார்ட் சார்ஜர் உதவாது. விட்டுவிட்டு மின்சாரம் அனுப்புவது அதன் வழக்கம். நடுவில் இன்னொரு காரிலிருந்து கேபிள் போடுவது அதைவிட மோசம். மின்வழங்கியின் கறுப்புக் கம்பியை வண்டியின் உலோக உடம்பில் உள்ள எர்த் முனையில் மாட்டச் சொல்லுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி உட்கார்ந்திருக்கும் வண்டிகளில், அங்கே மாட்டினால் அதன் கணக்கு குழம்பும்.

எல்லாச் சாவிகளையும் கொண்டுபோகாதது இன்னொரு பொதுவான தவறு. பல வண்டிகளில், குறிப்பாக எல்லாச் சாவியும் தொலைந்த நிலையில் செய்யும் வேலையில், பழைய பட்டியல் அழிந்து, அந்நேரம் முன்னால் இருக்கும் சாவிகள் மட்டும் புதிதாக ஏறும். வீட்டில் மனைவியின் கைப்பையில் இருக்கும் சாவி மறுநாள் வெறும் பிளாஸ்டிக். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காஸ் பெட்டி உள்ள பிஎம்டபிள்யூவில் சாவிகளுக்கு 10 இடங்கள். எஃப்பிஎஸ்3 பென்ஸில் 8. புதுச் சாவி ஒரு காலி இடத்தில் ஏறுகிறது, தொலைந்த சாவி தன் இடத்தில் உயிரோடு இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லாவிட்டால் யாரோ எடுத்தவர் வந்து வண்டியை ஓட்டிப் போகலாம். நிறுத்தினாலும் அதன் உள்ளே இருக்கும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும் என்பதால், பையோடு சேர்த்துத் திருட்டுப் போயிருந்தால் கதவுப் பூட்டுச் சிலிண்டரையும் மாற்றுவது நல்லது.

காகிதம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைகார்டு (அடையாள அட்டை), வண்டியின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), தொலைந்திருந்தால் போலீஸ் புகார். லோன் முடியாத வண்டிக்குக் கிராண்ட் நகல், கம்பெனிப் பெயரில் இருந்தால் முத்திரையிட்ட அதிகாரக் கடிதம். இவற்றைக் கேட்காமலே சாவி செய்துதருகிறவர், நாளைக்கு உங்கள் வண்டிக்கு வேறொருவருக்கும் செய்து தருவார். காப்புறுதி அட்டவணையையும் புரட்டுங்கள். சாவி மாற்றுச் செலவைச் சில நிறுவனங்கள் கூடுதல் காப்பாக வைத்திருக்கின்றன.

பதிந்து முடித்ததும் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். பரிசோதிக்கும்போது மற்றச் சாவிகள் வண்டிக்குள் இருந்தால் வண்டி அவற்றைத்தான் பார்க்கும். புதுச் சாவி செத்திருந்தாலும் இன்ஜின் கிளம்பும். ஆகவே மற்றவற்றைப் பத்து மீட்டர் தள்ளி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சாவியாகப் பாருங்கள்: பொத்தானில் பூட்டு, திறப்பு, பின்கதவு, கீலெஸ் உள்ள ஒவ்வொரு கைப்பிடியும், சட்டைப்பையில் சாவியோடு ஸ்டார்ட். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பிச் சுருள் இருக்கும் இடத்தில் வைத்து இன்னொரு தடவை ஸ்டார்ட். இரும்புச் சாவியை உருவிக் கதவில் திருகிப் பாருங்கள். புதிதாக வெட்டியது பாதிவரை திரும்பி நின்றால் அங்கேயே திருத்த வேண்டும். கடைசியாகக் கருவியில் பிழைக் குறியீடுகள் இல்லை என்று காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது சாவியை வண்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள், வயர்லெஸ் போன் சார்ஜர் மேல் எறியாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வைத்தே ஒரு நாள் வண்டியை ஓட்டுங்கள்.