ஆங்கில வகுப்புக்குக் கெட்ட குமாரன் கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லித்தருபவர்கள் பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கெட்ட குமாரன் கதையை எடுங்கள். அப்பாவிடம் தன் பங்குச் சொத்தை வாங்கி அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனின் கதை அது. 11 முதல் 32-ஆம் வசனம் வரை, 22 வசனங்கள்தான். தமிழில் கதை தெரிந்திருப்பதால் ஆங்கிலத்தில் வாசிக்கும் பயம் பாதி போய்விடும்.

முதலில் இறந்தகால வினைகளுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் 20-ஆம் வசனத்தில் நில்லுங்கள். மகன் தூரத்தில் வரும்போதே அப்பா ஓடுகிறார். ஏன் ஓடினார்? இலக்கியப் பாடமே அங்கேதான் இருக்கிறது. விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி திரும்பியதற்கு அப்பா வைத்த விருந்துக்கு மூத்த மகன் கோபப்பட்டு வெளியே நிற்கிறான். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவே இல்லை. அந்த முடிவைப் பிள்ளைகள் ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். செம்பனைத் தோட்டத்தில் அப்பாவோடு உழைக்கும் அண்ணனாக அவனை எழுதினாலும் சரி. எழுத்துப்பிழையை அடுத்த வாரம் திருத்தலாம்.