பச்சைப்பயறு முளைக்க வெளிச்சம் வேண்டுமா? வீட்டிலேயே செய்யும் முதல் உயிரியல் சோதனை

கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு. அறிவியல் முறை என்றால் இந்த நாலு வார்த்தையையும் வரிசையாக எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஒரு சோதனையை நாமே யோசித்து, முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்க்கும்போதுதான் அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். இதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஒரு பாக்கெட் பச்சைப்பயறு, ஒரே மாதிரி இரண்டு தட்டு, பஞ்சு, இரண்டு செருப்பு அட்டைப்பெட்டி, வெளிச்சம் ஊடுருவும் நிறமில்லாத பிளாஸ்டிக் தாள் கொஞ்சம், ஸ்கேல், ஒரு நோட்டு. ஒரு வாரம் போதும்.

முதலில் விதையைப் பாருங்கள்

நாலைந்து பயறைத் தனியாக ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்து மெதுவாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். தடிமனான இரண்டு பாதிகளும் விதையிலைகள், அதாவது செடிக்கான சேமிப்பு உணவு. ஒரு பாதியின் ஓரத்தில் சின்னக் கொக்கி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கரு. ஒரு முனை கூராக இருக்கும், அது முளைவேர். இன்னொரு முனையைக் கையில் லென்ஸ் இருந்தால் பாருங்கள், மடித்து வைத்த இரண்டு குட்டி இலைகளே தெரியும். விதை உயிரில்லாத பொருள் இல்லை, தூங்கிக்கொண்டிருக்கிற செடி. தண்ணீர் உள்ளே போனதும் செல்கள் உப்புகின்றன, நொதிகள் வேலையைத் தொடங்கி ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கின்றன, அந்தச் சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்க ஆக்சிஜன் தேவைப்படுகிறது.

கேள்வியும் கருதுகோளும்

"செடிக்கு வெளிச்சம் நல்லதா?" என்பது சோதனைக்கு உதவாத கேள்வி, ஏனென்றால் "நல்லது" என்பதை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. "இருட்டில் வைத்த பச்சைப்பயறு, வெளிச்சத்தில் வைத்ததைவிடக் குறைவாக முளைக்குமா?" என்று கேட்டால் எண்ணிச் சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் ஊகத்தைக் காரணத்தோடு எழுதுங்கள். "செடிக்கு வெளிச்சம் தேவை, அதனால் இருட்டில் முளைப்பது குறையும்" என்று எழுதலாம். "உணவுதான் விதையிலையிலேயே இருக்கிறதே, அதனால் வித்தியாசம் வராது" என்றும் எழுதலாம். எதுவானாலும் பேனாவால், தேதி போட்டு, விதையில் தண்ணீர் படுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனசு நம்மையே ஏமாற்றிவிடும். ஊகம் பொய்த்தாலும் சோதனை தோற்றதாக அர்த்தம் இல்லை, உங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிய வந்திருக்கிறது.

சோதனையை அமைப்பது (இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்)

ஒரு தட்டை ஜன்னல் ஓரத்திலும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்துவிட்டால் சோதனை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஜன்னல் ஓரம் சூடு அதிகம், பஞ்சு சீக்கிரம் காயும், காற்றும் அதிகம். அங்கே வித்தியாசம் வந்தால் அது வெளிச்சத்தால் வந்ததா, சூட்டால் வந்ததா, ஈரத்தால் வந்ததா? சொல்லவே முடியாது. ஒரே ஒரு விஷயம் மட்டும் மாற வேண்டும், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதனால் இரண்டு தட்டையும் வெயில் நேரடியாகப் படாத, ஆனால் பகலில் நல்ல வெளிச்சமுள்ள ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டின் மேலும் பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். ஒரு பெட்டியின் மேல்பக்கத்தைப் பெரிதாக வெட்டி, அங்கே பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். இன்னொன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது இரண்டும் மூடித்தான் இருக்கின்றன, காற்றும் ஈரமும் ஏறத்தாழ ஒன்று, வெளிச்சம் மட்டும் வேறு. நாம் மாற்றுகிற இந்த வெளிச்சம்தான் சாரா மாறி, எண்ணப்போகிற முளைத்த விதைகளின் எண்ணிக்கை சார்ந்த மாறி, வழக்கம்போல வெளிச்சம் கிடைக்கிற தட்டு ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் குழு.

இந்தச் சிக்கலை இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி 1668-லேயே சந்தித்திருக்கிறார். அழுகும் இறைச்சியில் புழு தானாகவே உண்டாகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். அவர் சில ஜாடிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். மூடியதில் புழு வரவில்லை. ஆனால் மூடிய ஜாடிக்குள் ஈ மட்டுமா போகவில்லை, புதுக்காற்றும்தானே போகவில்லை? அதனால் அடுத்ததாக மெல்லிய வலைத்துணியால் மூடினார். காற்று போகும், ஈ போகாது. அப்போதும் இறைச்சியில் புழு உண்டாகவில்லை. அந்தத் துணி செய்த வேலையைத்தான் நம் பிளாஸ்டிக் தாள் செய்கிறது.

சரி, விதைக்கு வருவோம். ஒரே பாக்கெட்டிலிருந்து நன்றாகக் கலந்து தட்டுக்கு 50 பயறு எண்ணுங்கள். பருத்ததெல்லாம் ஒரு பக்கம் போய்விடக் கூடாது. பஞ்சை ஒரே அளவு பரப்பி, ஸ்பூனால் எண்ணி ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். பஞ்சு நன்றாக நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. உலர்ந்த பயறையே நேராகப் பஞ்சில் வையுங்கள், முன்கூட்டி ஊறவைத்தால் அந்த நேரத்திலேயே வெளிச்சம் பட்டுவிடும். அப்புறம் 48 மணி நேரத்துக்கு இரண்டு பெட்டியையும் திறக்கக் கூடாது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கிப் பார்த்தால் இருட்டுத் தட்டு இருட்டுத் தட்டாக இருக்காது.

எண்ணுவது

எதை "முளைத்தது" என்று சொல்வீர்கள் என்பதையும் முன்பே எழுதுங்கள். முளைவேர் 2 மில்லிமீட்டராவது வெளியே நீண்டிருந்தால் முளைத்தது, தோல் மட்டும் வெடித்திருந்தால் இல்லை. சில பயறு தண்ணீரே குடிக்காமல் கல் மாதிரி கிடக்கும். தோல் தண்ணீரை விடாத விதை அது. அதையும் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் 47, இருட்டில் 45 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 94 விழுக்காடு, 90 விழுக்காடு. உடனே "இருட்டு முளைப்பதைக் குறைக்கிறது" என்று எழுதிவிடலாமா? கூடாது. இரண்டு விதை வித்தியாசம் தற்செயலாகவே வரும். சந்தேகமாக இருந்தால் இரண்டு பெட்டியிலும் ஜன்னல் வெட்டி, இரண்டு தட்டுக்கும் வெளிச்சம் கொடுத்து ஒரு முறை செய்து பாருங்கள். அப்போதும் எண்ணிக்கை ஒன்றாக வராது. சும்மாவே எவ்வளவு ஏறி இறங்கும் என்று அதில் தெரியும். நண்பர்கள் நாலு பேர் செய்து கணக்கைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

பச்சைப்பயறு இருட்டிலும் நன்றாகவே முளைக்கும். முளைக்கத் தேவையானது தண்ணீர், ஆக்சிஜன், ஏற்ற வெப்பம்.

இதோடு தட்டைக் கழுவிவிடாதீர்கள்

பஞ்சு காயாமல் ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரு வாரம் வரை அப்படியே வளரவிடுங்கள். பயறு உயர்ந்து பெட்டியில் இடித்தால் இரண்டுக்கும் உயரமான பெட்டி மாற்றுங்கள். வாரக் கடைசியில் தண்டை ஸ்கேலால் அளந்தால், இருட்டில் வளர்ந்ததுதான் நீளமாக இருக்கும்! ஆனால் தண்டு வெளுத்து மெலிந்து, இலை சின்னதாக மஞ்சளாக இருக்கும். பயறுச் செடி பச்சையத்தைச் செய்து முடிக்க வெளிச்சம் தேவை, அதனால்தான் அந்த மஞ்சள். மண்ணுக்கு அடியில் இருக்கிற முளை இருப்பதையெல்லாம் தண்டை நீட்டவே செலவழித்தால்தான் விதையிலை காலியாவதற்குள் வெளிச்சத்தை எட்டும், நம் பெட்டிக்குள்ளும் அது அதையேதான் செய்கிறது. முளைக்க வெளிச்சம் வேண்டாம், பச்சையாகி ஒளிச்சேர்க்கை செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

முடிவை எழுதும்போது "விதைகள் இருட்டில் முளைக்கும்" என்று எழுதாதீர்கள், "பச்சைப்பயறு" என்றே எழுதுங்கள். லெட்யூஸ் கீரையில் சில ரகங்கள் வெளிச்சம் படாவிட்டால் சரியாக முளைக்காது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 1952-இல் அதில் ஓர் ஆச்சரியத்தைக் காட்டினார்கள்: ஊறிய விதைக்குச் சிவப்பு ஒளி கொடுத்தால் முளைக்கிறது, அதன் பிறகு தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு அரிதாகவே தெரிகிற ஒளி) கொடுத்தால் முளைப்பதில்லை, மாற்றி மாற்றிக் கொடுத்தால் கடைசியாகக் கொடுத்தது எதுவோ அதன்படி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சில நிமிட ஒளியே போதுமாக இருந்தது. 48 மணி நேரம் பெட்டியைத் தூக்கக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான்.

அடுத்ததாக ஆக்சிஜனைச் சோதிக்கலாம். 50 பயறை ஈரப் பஞ்சிலும், இன்னொரு 50-ஐக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் முழுக மூழ்கும்படியும் வையுங்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும். ஆனால் அதில் காற்றோடு தண்ணீரின் அளவும் சேர்ந்தே மாறுகிறது. அதைச் சரிசெய்ய மூன்றாவது தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, உங்கள் ஊகத்தோடு நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.